கூரைமேல் இறங்கிய பலூன்

கோழிகளையெல்லாம் விற்றுவிட்டு மூடிக் கிடந்த பண்ணை அது. சாமளாபுரத்திலிருந்து பல்லடம் போகிற வழியில் இருந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடையில் காற்றை ஆராய்கிற ஒரு குழு அதை வாடகைக்கு எடுத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வருகிற காற்று, உயரம் கூடக் கூட எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகக் காலையில் ஒரு பலூனும் மத்தியானத்தில் ஒரு பலூனும் விடுவார்கள். பலூனுக்குக் கீழே நீள நூலில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி தொங்கும். அதற்குள் இருக்கும் கருவி வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், தான் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே மேலே போகும். ஊருக்குள் அந்தப் பண்ணைக்குப் ‘பலூன் ஆபீஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

வந்து விழுகிற எண்களைச் சரிபார்ப்பது தேவிப்பிரியாவின் வேலை. குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இயற்பியலில் முதுகலை முடித்தவள். மேலே போகப் போகக் குளிர வேண்டும் என்பதுதான் பொது விதி. ஆனால் கருவிகள் பல விதமாக ஏமாற்றும். மேகத்துக்குள் நனைந்து வெளியே வருகிற கருவி, ஈரம் காயும்வரை குளிரைக் கூட்டிக் காட்டும். வெயில் நேராகப் பட்டால் சூட்டைக் கூட்டிக் காட்டும். சில கருவிகள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நகரவே நகராது. அவற்றையெல்லாம் கண்டுபிடித்து, எதையும் அழிக்காமல், பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். ‘சரி’, ‘சந்தேகம்’, ‘தவறு’ என்று மூன்று குறிகள். நாள் முழுக்க அந்த வேலையைச் செய்துவிட்டு ஊருக்குப் போனால், அம்மா சொல்கிற காய்கறி விலையில்கூட அவளுக்குச் சந்தேகம் வரும்.

குழுவின் தலைவர் அர்த்தநாரி. ஐம்பதைத் தாண்டியவர். எத்தனையோ வருஷமாகப் பலூன் விட்டுக்கொண்டிருந்தும், ஒவ்வொரு பலூன் கிளம்பும்போதும் வெளியே வந்து அண்ணாந்து பார்க்காமல் இருக்க மாட்டார். பலூனில் வாயு நிரப்புவது, கழுத்தைக் கட்டுவது, ஜீப் ஓட்டுவது எல்லாம் கன்னையன். உள்ளூர்க்காரர். நிரப்புவது ஹைட்ரஜன் என்றும், ஒரு பொறி போதும் என்றும் அர்த்தநாரி முதல் நாளே சொன்னதிலிருந்து பீடியையே விட்டுவிட்ட மனிதர். இறங்குகிற பெட்டிகளைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், எங்கே கண்டாலும் எடுத்து வைக்கும்படி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் மனைவி சென்னம்மாளிடமும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மத்தியானப் பலூன் நன்றாகத்தான் கிளம்பியது. மேற்கிலிருந்து காற்று பலமாக இருந்தது. பண்ணைக்குக் கிழக்கே சாய்ந்தபடி ஏறிப் போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். தேவிப்பிரியா உள்ளே வந்து கணினிமுன் உட்கார்ந்தாள். எண்கள் ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தன. கொஞ்ச நேரத்தில் உயரம் கூடுவது நின்றது. பிறகு குறைய ஆரம்பித்தது.

“சார், பலூன் இறங்குதுங்க.”

“வெடிச்சிருச்சா?” அர்த்தநாரி பக்கத்து மேசையிலிருந்து கேட்டார்.

“வெடிச்சாப்ல இல்லீங்க. வெடிச்சிருந்தா மளமளன்னு விழுகும். இது மெதுவா வருது.”

“எங்கியோ ஓட்டை விழுந்திருக்கும். இந்த வெயில்ல ரப்பர் தாங்குமா? சிக்னல் இருக்கற வரைக்கும் பதிவாகட்டும். அப்புறம் குறி போட்டு மூடிரும்மா. இன்னொண்ணு விட முடியுமான்னு பாக்கலாம்.”

வெளியே கன்னையனிடம் அடுத்த பலூனை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பலூன் இறங்க இறங்க வெப்பம் ஏறியது. இருபத்தொன்பது, முப்பத்துமூன்று, முப்பத்தேழு. பிறகு உயரம் அசையவில்லை. எங்கோ இறங்கிவிட்டது. தரையில் விழுந்திருந்தால் சிக்னல் அப்போதே போயிருக்கும். போகவில்லை. ஏதோ ஒரு கட்டடத்தின் மேல் கிடக்கிறது என்று தேவிப்பிரியா நினைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது. தகரக் கூரையாக இருந்தால் மே மாத வெயிலில் அப்படித்தான் காட்டும். ‘சந்தேகம்’ என்று குறி போட்டாள். பெட்டி இருக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்ததாகக் காட்டியது. அந்தக் கணக்கில் சில மீட்டர் முன்னே பின்னே ஆவது சகஜம் என்று அதை விட்டுவிட்டாள்.

அடுத்து வந்த எண் அறுபத்துமூன்று. திரை அந்த வரியைச் சிவப்பாக்கியது. அதற்கு அடுத்தது எழுபத்தொன்பது.

“சார், சென்சார் போயிருச்சாட்ட இருக்குது. எழுபத்தொம்பது காட்டுது.”

“விழுந்ததுல உடைஞ்சிருக்கும். தவறுன்னு போட்ரு.”

போட்டாள். போட்ட கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

உடைந்த கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பது அவளுக்குப் பழக்கம். எண்கள் தாறுமாறாகத் துள்ளும், அல்லது உறைந்து நிற்கும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. படிப்படியாக, மூச்சு வாங்குவதுபோல ஏறிக்கொண்டிருந்தது. காற்றழுத்தத்தைப் பார்த்தாள். பண்ணையில் அந்த நேரத்தில் இருந்த அழுத்தத்தோடு ஒத்துப்போனது. ஈரப்பதத்தைப் பார்த்தாள். சூடு ஏற ஏற அது ஒழுங்காக இறங்கியிருந்தது. கருவி நன்றாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு பாகமும் மற்றதற்குச் சாட்சி சொல்கிறது. அப்படியானால் எண் தவறில்லை.

“சார்.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “இது தப்பு இல்லீங்க. அங்க நெசமாவே அவ்வளவு சூடு இருக்குதுங்க.”

அர்த்தநாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தொண்ணூற்றாறு. நூற்றுப் பதினெட்டு. அதோடு வரிகள் நின்றன. சிக்னல் இல்லை.

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

“வெடிக்கலைன்னுதானே சொன்னே?” என்றார் மெதுவாக. “வெடிக்கல. வாயுவோடயே கீழ இறங்கியிருக்கு. பாதி ஹைட்ரஜன் உள்ளயே இருந்திருக்கும். கடவுளே. நானும் கேட்டுட்டு இன்னொண்ணு ஊதச் சொல்றேன்.”

செல்போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். தீயணைப்பு நிலையத்துக்கு இணைப்பு கிடைத்தபோது, எங்கே தீ என்று அவர்கள் கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தேவிப்பிரியா வரைபடத்தை விரித்து, கடைசியாக வந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். அப்போது கன்னையன் உள்ளே வந்தார். கையெல்லாம் பலூன் மடிப்பில் இருக்கும் வெள்ளைப் பவுடர்.

“புதுப் பலூன் எடுத்து வெச்சிட்டனுங்க. ஊதிரலாமுங்களா?”

“கன்னையண்ணா, இந்த எடம் எதுன்னு தெரியுதுங்களா பாருங்க. சீக்கிரம்.”

அவர் குனிந்து விரலை வைத்து நகர்த்தினார். “இது ஓடைங்க, அம்மிணி. இது ரோடு. இது எங்க மாரியாத்தா கோயலு. அப்படின்னா இது…” விரல் நின்றது. “அங்கமுத்து மொதலாளியோட பனியன் வேஸ்ட்டு குடோனுங்க. ஏனுங்க? என்ற ஊட்டுக்காரி அங்கதான வேல செய்யறா?”

அவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையில் சிவப்பாக இருந்த வரிகளைப் பார்த்தார். அவருக்கு அந்த எண்கள் படிக்கத் தெரியும், தினமும் பார்ப்பவைதான். ஜீப்பை நோக்கி ஓடினார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடி ஏறிக்கொண்டார்கள்.

பல்லடம் ரோட்டில் ஏறும்போதே புகை தெரிந்தது. தூரத்துச் சோளக்காட்டுக்கு மேலே கறுப்பாக எழுந்து, காற்றில் கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி போனில் ஊர்ப் பெயரையும் குடோன் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவிப்பிரியா ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி முன்னால் இருந்த கன்னையனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது கல்லைப்போல இருந்தது.

பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற துண்டுத் துணிகள் அந்தக் குடோனுக்கு மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் உட்கார்ந்து நிறம் பிரிப்பார்கள். பிரித்ததைக் கட்டாகக் கட்டி நூல் மில்லுக்கு அனுப்புவார்கள். நீளமான தகரக் கொட்டகை; முன்னால் ஒரு முற்றம், அதில் கட்டுகளின் அடுக்கு. முற்றத்து மூலையில் மின்கம்பம், அதிலிருந்து கொட்டகைக்குப் போகும் கம்பிகள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. கட்டுகளுக்கு நடுவில்தான் கொட்டகையின் வாசல். வாசல் இருந்த இடத்தில் நெருப்பு மட்டும் தெரிந்தது. தெருவிலிருந்து ஓடிவந்தவர்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கருகிய ரப்பர் நாற்றம். தேவிப்பிரியாவுக்கு அந்த நாற்றம் தெரியும். பலூன் கிடங்கின் நாற்றம் அது, இப்போது எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. பல பெண்கள் ஒரே நேரத்தில் போடுகிற சத்தம்.

“பொறவால ஷட்டர் இருக்குதுங்க!” என்று கத்திக்கொண்டே கன்னையன் ஜீப்பைச் சுற்றி ஓட்டினார்.

பின்பக்கத்தில் ஷட்டர் இருந்தது. அதன் மேல் இரும்புச் சங்கிலி குறுக்கே ஓடி, கையகலப் பூட்டு தொங்கியது. ஷட்டருக்கு மேலே காற்று வர வைத்திருந்த கம்பிச் சன்னல் வழியாகப் புகையும், புகையோடு ஒரு பெண்ணின் விரல்களும் வெளியே தெரிந்தன.

“யாருங்க அங்கிட்டு? பூட்ட ஒடைங்க! சாவி மொதலாளிட்ட இருக்கு!” அந்தக் குரல் விஜயராணியுடையது என்று பின்னால் தெரிந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அங்கே பெண்களுக்கு மேற்பார்வையாக இருந்தவள். “ரொம்பப் பேரு மயங்கிட்டாக! வெரசா!”

தேவிப்பிரியா பூட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை பொத்துப்போகும் அளவுக்குச் சூடாக இருந்தது. அதைப் பிடித்தபடி ஒரு நொடி அப்படியே நின்றாள். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டு. அவள் மூளை அதை ஏற்க மறுத்தது. ஏதோ தப்பாகப் பார்க்கிறோம் என்றுதான் முதலில் தோன்றியது.

“தள்ளுங்க, அம்மிணி!”

ஜீப்பில் வாயு சிலிண்டர்களைக் கட்டுகிற சங்கிலி கிடந்தது. கன்னையன் அதன் ஒரு முனைக் கொக்கியை ஷட்டரில் மாட்டி, மறுமுனையை ஜீப்பின் பின்னால் மாட்டினார். வண்டியை முன்னால் எடுத்தார். சக்கரம் மண்ணில் சுழன்றது. மறுபடி எடுத்தார். ஷட்டர் ஒரு பக்கம் சட்டத்தோடு பிய்ந்து மடங்கியது. ஆள் குனிந்து வரும் அளவுக்கு வழி. புகை முதலில் வந்தது. பிறகு பெண்கள் தவழ்ந்து வந்தார்கள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்தபடி, கண்ணைத் திறக்க முடியாமல், ஒருத்தி காலை ஒருத்தி பிடித்துக்கொண்டு. அர்த்தநாரி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவரும் விஜயராணியும் சேர்ந்து கடைசியாக ஒரு வயதான பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரங்காத்தாள். முழங்கால் வலிக்காரி என்பதால் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவள். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. ஆனால் கண் திறக்கவில்லை.

கன்னையன் வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னம்மாள் அதில் இல்லை. மறுபடி உள்ளே போகக் குனிந்தவரை விஜயராணி பிடித்து இழுத்தாள்.

“அண்ணே, உள்ள இல்லண்ணே. சென்னம்மாக்கா கூரைக்கு ஏறுனாக. ஏதோ வெள்ளப் பெட்டி வந்து விழுந்துச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. ‘எங்கூட்டுக்காரரு ஆபீஸ் பெட்டி, எடுத்து வெச்சாத் தேவலை’ன்னு ஏணிய வெச்சு ஏறுனாக. அப்புறந்தான் டமார்னு…”

தேவிப்பிரியாவின் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. பெட்டி கொஞ்சம் நகர்ந்தது. சில மீட்டர்தான். சகஜம் என்று விட்டுவிட்டாள். அது கணக்கின் தடுமாற்றம் இல்லை. சென்னம்மாள் பெட்டியைக் கையில் எடுத்திருக்கிறாள். தேவிப்பிரியாதான், திரையில் ஓர் ஆள் தெரிந்தும் அது ஆள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“சாமி!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் கத்தியபடி கன்னையன் கொட்டகையைச் சுற்றி ஓடினார். குடோனை ஒட்டிய சோளக்காட்டுக்குள் சோளம் ஓரிடத்தில் மடிந்து கிடந்தது. சென்னம்மாள் அங்கே விழுந்திருந்தாள். கூரையின் மறுபக்கமாகக் குதித்திருக்கிறாள். ஒரு கால் ஆகாத பக்கம் திரும்பியிருந்தது. புருவமும் முன்தலை முடியும் கருகியிருந்தன. உயிர் இருந்தது. கண் திறந்து பார்த்தாள்.

கன்னையன் மண்ணில் மண்டியிட்டு அவள் தலையை மடியில் எடுத்து வைத்தார். தேவிப்பிரியா பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“பெட்டிய எடுத்துட்டனுங்க,” என்றாள் சென்னம்மாள். குரல் காற்றாக வந்தது. “நூலு கம்பியில மாட்டிக்கிச்சு. பலூனு அந்தப் பக்கம் ஆடிட்டே இருந்துச்சு. வந்துருமுன்னு இழுத்தனுங்க. கம்பி ரெண்டும் ஒண்ணோடொண்ணு ஒரசி…”

“பேசாத.” கன்னையன் அவள் வாயைக் கையால் மெல்ல மூடினார். கையிலிருந்த வெள்ளைப் பவுடர் அவள் உதட்டில் ஒட்டியது. “ஒண்ணும் பேசாத சாமி.” பிறகு தலையைத் தூக்கித் தேவிப்பிரியாவைப் பார்த்தார். நூலை இழுத்ததை வெளியே சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கேட்டது அவளுக்குப் புரிந்தது. சரி என்று தலையை அசைத்தாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. ரங்காத்தாளையும் சென்னம்மாளையும் இன்னும் சிலரையும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கன்னையன் மனைவியோடு ஏறிப் போனார். அதற்குப் பிறகுதான் அங்கமுத்துவின் கார் வந்து நின்றது. இறங்கியவர் எரிந்த கட்டுகளைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த விஜயராணியிடம் நேராக வந்தார்.

“டீ போடறேன்னு அடுப்புப் பத்த வெச்சியா? எத்தன தடவ சொன்னேன்? துணிக்குள்ள ஸ்டவ் வெக்காதேன்னு எத்தன தடவ சொன்னேன்?”

விஜயராணி கரி படிந்த முகத்தோடு அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். ஒரு போலீஸ்காரர், “ஸ்டவ்வு எங்கம்மா வெச்சிருந்தே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தேவிப்பிரியா அர்த்தநாரியைப் பார்த்தாள். அவர் இருமிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். பேசும் நிலையில் இல்லை.

“அடுப்பு இல்லீங்க,” என்றாள். யார் சொன்னது என்று எல்லோரும் தேடினார்கள். அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். “அவங்க எதும் பண்ணலீங்க. எங்க பலூனுங்க. வாயு பாதி இருக்கறப்பவே இறங்கி உங்க கரண்டுக் கம்பியில சிக்கிருச்சு. அதுல பத்தித்தான் கட்டு மேல விழுந்திருக்குது. கருவியில பதிவாயிருக்குதுங்க. எங்களாலதான்.”

அங்கமுத்து அவளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். அவர் குரல் எழும்பியபோது அது வேறு குரலாக இருந்தது.

“பலூனா? உங்க வெளையாட்டுக்கு என்ற குடோன் கெடச்சுதா? வயித்துல அடிச்சிட்டீங்களே! உள்ள பொம்பளைங்க இருந்தாங்களே, ஏதாச்சும் ஆயிருந்தா யாரு பதில் சொல்லுவா?”

“நாங்க சொல்றோம்,” என்று அர்த்தநாரி தரையிலிருந்தே கையைத் தூக்கினார்.

“மொதலாளி.” விஜயராணிக்கு இப்போது குரல் வந்துவிட்டது. கத்தவில்லை. “பலூனு அவுகளோடது. சரி. அந்தப் பூட்டு யாருது?”

பிய்ந்து மடங்கிய ஷட்டரில் சங்கிலி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் அதன் பக்கம் போய், தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டார். துணி திருட்டுப் போகிறது, அதனால்தான், என்று அங்கமுத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவர் பேச்சை அவரே கேட்டதுபோல நிறுத்திக்கொண்டார்.

ரங்காத்தாள் அதற்கப்புறம் கண் விழிக்கவில்லை. அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். புகைதான் காரணம் என்றார்கள்.

வழக்குப் பதிவானது. அங்கமுத்து பேரிலும், ஆய்வுக் குழு பேரிலும். அர்த்தநாரி எல்லாப் பொறுப்பையும் தன் பேரில் எழுதிக் கொடுத்தார். மின்கம்பிகளும் குடோன்களும் இருக்கிற இடத்தில் ஹைட்ரஜன் பலூன் விட்டிருக்கவே கூடாது என்று அறிக்கையில் எழுதினார். முகாமை மூட உத்தரவு வந்தது. தேவிப்பிரியா தன் வாக்குமூலத்தில் நூல் கம்பியில் சிக்கியது, கம்பிகள் உரசியது என்று சொன்னாள். எப்படி உரசின என்று போலீஸ் கேட்டபோது, காற்று பலமாக இருந்தது என்றாள். அது உண்மைதான். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைய பதிவில் தான் போட்டிருந்த குறிகளை எல்லாம் எடுத்துவிட்டாள். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தது.

பொருள்களைக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நாளில், ஒரு பெண் பண்ணை வாசலில் வந்து நின்றாள். கையில் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி. முப்பது வயது இருக்கும்.

“பலூன் ஆபீஸ் அம்மிணி நீங்கதானுங்களா? நான் பழனியம்மா. ரங்காத்தா மகளுங்க.”

தேவிப்பிரியாவின் கையிலிருந்த கயிறு நழுவியது. இந்த முகம் ஒரு நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். என்ன சொல்வது என்று பல தடவை யோசித்தும் வைத்திருந்தாள். உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினாள்.

“இருக்கட்டுமுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழிங்க. சென்னம்மாக்காளுக்குச் சோறு கொண்டு போறேன். அவங்க ஊட்ல சமைக்க ஆளில்லீங்களே. தெனமும் நாந்தான் கொண்டு போறது.”

“நீங்களா?” என்றாள் தேவிப்பிரியா.

“அந்தக்கா தூங்கறதே இல்லீங்க. சோத்தக் கையில வெச்சிட்டு அழுதுட்டே இருக்காங்க. முந்தாநேத்து எங்கிட்ட சொல்லிட்டாங்க. நூல இழுத்தது அவங்கதான்னு.”

தேவிப்பிரியா அவள் முகத்தையே பார்த்தாள். கோபத்தைத் தேடினாள். பழனியம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் தணிந்தே இருந்தது.

“கேட்டதும் எனக்கும் என்னமோ ஆயிருச்சுங்க. எந்திரிச்சு வந்துட்டேன். போசிய அங்கியே வெச்சிட்டு வந்துட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அப்புறம் நெனச்சேன், ஊட்டுக்காரரு பெட்டியாச்சேன்னு எடுத்து வெக்கத்தான ஏறுனாங்க. அவங்களுக்கு என்னங்க தெரியும்?” மூக்கை உறிஞ்சினாள். “அவங்க எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. நான் இழுக்காமயே இருந்திருந்தா பத்தாம இருந்திருக்குமான்னு. நான் என்னத்தச் சொல்றது? நீங்க அந்தக் கணக்கெல்லாம் பாக்கறவங்க. வந்து சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் எதற்கோ சத்தம் போட்டார்கள். தேவிப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. கட்டி வைத்திருந்த கணினியைப் பிரித்து அன்றைய பதிவைப் பார்க்கலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பெட்டி நகர்ந்தது, பிறகு சூடு ஏறியது. இரண்டுக்கும் நடுவில் கம்பிகளை இழுத்தது சென்னம்மாளின் கையா, காற்றா என்று எந்த எண்ணும் சொல்லாது.

அர்த்தநாரி கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் இன்னும் அவரை விடவில்லை. “அந்தக் காத்துல, கம்பி மேல நூல் கிடந்தா எப்படியும் உரசியிருக்கும்மா,” என்றார் பொதுவாக. “இழுத்தாலும் இழுக்காட்டியும்.”

“உறுதியாத் தெரியுமுங்களா சார்?” என்று தேவிப்பிரியா கேட்டாள்.

“இல்லை,” என்றார்.

தேவிப்பிரியா கையைக் கழுவிக்கொண்டு பழனியம்மாளோடு கிளம்பினாள். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். போசி நடுவில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சென்னம்மாள் காலில் கட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கன்னையன் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். தேவிப்பிரியாவைக் கண்டதும் எழுந்து நகர்ந்து இடம் விட்டார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சென்னம்மாளின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எனக்கு உறுதியாத் தெரியலீங்க,” என்றாள். “பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஏறறதுக்கு முந்தியே நூல் கம்பி மேல விழுந்தாச்சு. பலூன் ஆடிட்டே இருந்துச்சு. காத்தும் நெம்ப வேகமா அடிச்சுது. நீங்க ஏறாட்டியும் பத்தியிருக்குமுன்னுதான் நான் நெனைக்கறேன். பலூன விட்டவங்க நாங்க. பூட்டுனவரு அவரு. நீங்க பெட்டிய எடுத்து வெக்கப் போனீங்க. அவ்வளவுதானுங்க.”

சென்னம்மாள் வெகுநேரம் அவள் கையை விடவில்லை. அழுகை நின்றதா என்று தெரியவில்லை. முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. பழனியம்மாள் போசியைத் திறந்து, தட்டில் சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்தாள்.

“திரும்புங்க்கா,” என்றாள். “ஆறிரும்.”

கொஞ்ச நேரம் கழித்துச் சென்னம்மாள் திரும்பினாள்.